ஒயின்ஸ் போர்டும் ஒயின் இல்லாத ஊரும்

சித்தூர் பக்கம் போயிருக்கீங்களா? திருப்பதிக்குப் போகிற வழியில் எப்படியும் கடந்திருப்பீங்க. போர்டு படிக்கிற பழக்கம் இருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். ஆந்திராவில் சாராயக் கடைக்குப் பெயர் 'ஒயின்ஸ்'. ஸ்ரீ வெங்கடேஸ்வரா ஒயின்ஸ், பாலாஜி ஒயின்ஸ் என்று சாமி பெயரிலேயே பார்க்கலாம். உள்ளே பிராந்தி, விஸ்கி, ரம், பீர். ஒயின் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார் :-)

இதை இப்போ சொல்லக் காரணம் இருக்கு. நான் வேலை பார்க்கிற பேங்க் என்னைத் தூக்கிப் போட்டிருப்பது மகாராஷ்டிராவில், நாசிக் மாவட்டத்தில் திண்டோரி. சின்ன ஊர். ஊரை விட்டு வெளியே வந்தால் நாலு பக்கமும் திராட்சைப் பந்தல். இந்தியாவின் ஒயின் தேசம் என்று டூரிஸ்ட் பஸ்கள் வந்து போகிற இடம். நாசிக்கும் நம்ம திருப்பதி மாதிரி க்ஷேத்திரம்தான். கோதாவரி, கும்பமேளா, பக்கத்தில் திரியம்பகேஸ்வரர். கோயில் நகரம், சுற்றிலும் ஒயின். யாருக்கும் அதில் உறுத்தல் இருப்பதாகத் தெரியவில்லை. கூட வேலை பார்க்கிற மராத்தி நண்பர் ஒரு நாள் கேட்டார், "உங்க ஊர்ல எது விளையும்?" மாம்பழம் என்றேன். "அதுல ஒயின் போடறதில்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் ஏன் இல்லை என்று யோசிக்கப் போனால் அது தொண்ணூறு வருஷக் கதை. அதில் ஒரு பாதி நான் படித்த பி.காம். சிலபஸிலேயே இருந்தது, அன்றைக்கு யாரும் சேர்த்துச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (அப்போ முதலமைச்சருக்கு அந்தப் பெயர்). அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அடுத்த வருஷம், 1938இல், அதை நீட்டித்த இரண்டு மாவட்டங்கள் எவை தெரியுமா? சித்தூரும் கடப்பாவும். வட ஆற்காடு அதற்கும் அடுத்த வருஷம்தான். ஆக நாட்டிலேயே முதன்முதலில் கள்ளுக்கடையை மூடிய மாவட்டங்களில் எங்க சித்தூர் ஒன்று. அப்போது அந்த மாவட்டத்துக்கே வயசு இருபத்தேழுதான். 1911இல் வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்கள், கடப்பாவிலிருந்து சில, கூடவே புங்கனூர், காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் ஜமீன்கள் என்று சேர்த்துத் தைத்த மாவட்டம் அது.

கள்ளுக்கடையை மூடினால் சர்க்கார் கஜானாவில் ஓட்டை விழும். மாகாண வருமானத்தில் ஆயத்தீர்வைக்குப் பெரிய பங்கு. அந்த ஓட்டையை அடைக்க ராஜாஜி 1939இல் கொண்டு வந்ததுதான் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாப் பொருளுக்குமான விற்பனை வரி தொடங்கியது அங்கேதான். வணிகர்கள் கூச்சல் போட்டார்கள், எதிர்க்கட்சி கிழித்தது, ஆனாலும் சட்டம் நின்றது. அப்புறம் ஒவ்வொரு மாகாணமும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டது. மதுவிலக்கு உலகப் போர் நடுவே நிறுத்தப்பட்டது, 1948இல் சென்னை மாகாணம் முழுக்கத் திரும்ப வந்தது. வரி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. நாங்கள் வவுச்சர் வவுச்சராகப் பார்த்துக் கிழிந்த விற்பனை வரிக்கு மூல காரணம் சேலத்திலும் சித்தூரிலும் மூடின கள்ளுக்கடைகள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பல வரிகளை அதற்குள் போட்டார்கள், குடிக்கிற மதுவை வெளியே வைத்துவிட்டார்கள். அந்த வருமானத்தை விட எந்த மாநிலத்துக்கும் மனசில்லை.

1953இல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் அங்கே போனது. (திருத்தணிக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினது, 1960இல் அது தமிழ்நாட்டுக்கு வந்தது எல்லாம் தனிப் பதிவுக்கான விஷயம்.) புது மாநிலத்தின் முதல் மந்திரிசபை கவிழ்ந்தது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? மதுவிலக்குதான். விலக்கை எடுத்துவிடலாம் என்று ராமமூர்த்தி கமிட்டி சொன்னது, பிரகாசம் மந்திரிசபை செய்யவில்லை. கள் இறக்குகிறவர்களின் பிழைப்பு போச்சு என்று கிளம்பி, 1954 நவம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி போச்சு.

அப்புறம் காலம் தலைகீழாக மாறியது. எண்பதுகளில் என்.டி.ஆர். ஆட்சியில் சர்க்காரே சாராயத்தைப் பாக்கெட்டில் அடைத்து விற்றது. திட்டத்தின் பெயர் 'வாருணி வாஹினி'. வாருணி என்றால் மதுவின் தேவதை. பெயர் வைத்த அதிகாரி நல்ல ரசிகர்தான். எங்கள் தெருக்கோடியில் காலையிலேயே அந்தப் பாக்கெட் உறைகள் காற்றில் பறக்கும். கூலி கொடுக்கிற சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் எந்த வீட்டில் அடி விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு முடிவு கட்டினது படித்தவர்கள் இல்லை. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள். எழுத்துக் கற்றுக்கொள்ள வைத்த வாசகப் புத்தகத்தில் குடியால் அழிந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. படித்தார்கள், கிளம்பினார்கள், ஊருக்குள் சாராய வண்டியை விடவில்லை. 1992இல் இது சித்தூர் உட்பட மாவட்டம் மாவட்டமாகப் பரவி, சாராயக் கடை ஏலமே நடத்த முடியாத நிலை வந்தது. 1993 அக்டோபரில் சாராயத்துக்குத் தடை. சாராயப் பாக்கெட்டைக் கொண்டு வந்த அதே என்.டி.ஆர். 1995 ஜனவரியில் பூரண மதுவிலக்கு அறிவித்தார். 1997இல் சந்திரபாபு நாயுடு அதை எடுத்தார், அதே கஜானாக் காரணம். அவர் எங்கள் மாவட்டத்துக்காரர், நாராவாரிபள்ளி. பிறகு 2019 அக்டோபர் முதல் கடைகளை சர்க்காரே நடத்தியது. 2024 அக்டோபரில் திரும்பவும் தனியாருக்கு, குலுக்கல் முறையில். 'ஒயின்ஸ்' போர்டுகள் புது பெயிண்ட்டோடு மறுபடி ஏறின.

இவ்வளவும் சொன்னது எதற்கு என்றால், இந்தத் தொண்ணூறு வருஷத்தில் எங்கள் ஊரில் மதுவைப் பற்றிப் பேசின எல்லோரும் ஒன்று அதைப் பாவம் என்று பேசினார்கள், இல்லை வருமானம் என்று பேசினார்கள். அது ஒரு விவசாயப் பொருளாகவும் இருக்கலாம் என்று யாரும் பேசினதில்லை. மகாராஷ்டிரா 2001இல் அதைத்தான் பேசியது. உள்ளூர் திராட்சையில் செய்யும் ஒயினுக்கு ஆயத்தீர்வை முழு விலக்கு, நாசிக் பக்கம் விஞ்சூரில் ஒயின் பார்க் என்று கொள்கை போட்டது. திண்டோரியைச் சுற்றி ஒயின் திராட்சை பெருகினதற்கு மண்ணும் காற்றும் பாதிக் காரணம் என்றால் இந்த அரசாணை மீதிப் பாதி.

சரி, எங்கள் மாம்பழத்துக்கு வருவோம். சித்தூரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டின வரை மாந்தோப்பு. பங்காருபாளையம், பூதலப்பட்டு, தாமலச்செருவு... ஜூன் மாசம் அந்த ரோட்டில் போனால் மூக்கே வழி சொல்லும். நிலக்கடலையும் கரும்பும் போட்டுக்கொண்டிருந்த நிலம் அது. கிணறு வற்ற வற்ற, தண்ணீர் குறைவாகக் கேட்கிற மாமரத்துக்கு மாறினார்கள். பங்கனபள்ளி, நீலம், காலேபாடு எல்லாம் உண்டு. ஆனால் ராஜா தோத்தாபுரிதான். நம்ம ஊர் கிளிமூக்கு மாங்காய். சித்தூர்க்காரர்கள் பெங்களூரா என்பார்கள்.

பெங்களூராவைத் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறவர் குறைவு. காயாக இருக்கும்போது கீறி மிளகாய்ப் பொடி, உப்பு தடவினால் அதற்கு ஈடில்லை, பழமானால் சுமார்தான். அதன் வேலை வேறு. நிறைய சதை, நல்ல மஞ்சள், மரத்துக்கு மரம் மாறாத விளைச்சல். பல்ப் ஃபேக்டரிக்கு இது போதும். பழத்தைப் பழுக்க வைத்து, கழுவி, கொட்டை நீக்கி, அரைத்து, சூடாக்கி, கிருமி புகாத பைகளில் நிரப்பி இருநூறு லிட்டர் டிரம்மில் வைத்தால் ஒன்றரை வருஷம் வரை கெடாது. ஒரு டன் பழம் போட்டால் ஏறக்குறைய அரை டன் கூழ். அது வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது, மீதி நம்ம பாட்டில் கம்பெனிகளுக்கு. 1976இல் மாஸா, 1985இல் அட்டைப் பெட்டியில் ஃப்ரூட்டி வந்து வீட்டுக்கு வீடு மாம்பழ ஜூஸ் குடிக்கப் பழகினோமே, அந்தப் பழக்கம்தான் எங்கள் பக்கம் தோப்பாக முளைத்தது. பாட்டிலில் பத்து சதவீதம் பழம் இருந்தாலே சட்டப்படி அது பழ பானம். மிச்சம் தண்ணீரும் சர்க்கரையும்.

ஒயின் திராட்சைக்கும் பெங்களூராவுக்கும் உள்ள சொந்தம் இங்கே வந்துதான் எனக்குப் புரிந்தது. ஒயின் திராட்சை பொடியாக, விதையோடு, தடித்த தோலோடு இருக்கும். சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். ஒயின் ஆலை வேண்டாம் என்றால் போட்டது போட்டதுதான். 2008, 2009 வாக்கில் ஒயின் தேங்கினபோது இந்தப் பக்கம் விவசாயிகள் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். பெங்களூராவும் அதே மாதிரி. ஆலைக்கென்றே பிறந்த பழத்துக்கு இரண்டாவது வாடிக்கையாளர் இல்லை. ஊறுகாய்க்கும் உப்புமிளகாய்க்கும் எவ்வளவு போகும்?

2025இல் அது நடந்தது. விளைச்சல் அமோகம், போன சீசன் கூழ் குடோனில் அப்படியே இருந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்றது. ஆலை 8, அரசு 4. ஆலைகள் அந்த எட்டையே கொடுக்கத் தயங்கின, பல இடத்தில் அதற்கும் கீழே போனது. ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை. ஜூன் 7 அன்று சித்தூர் கலெக்டர் வெளி மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட, கோலார் பக்கத்து விவசாயிகள் தவித்து, கர்நாடக முதல்வர் சித்தராமையா நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார்.

எங்க சின்ன மாமாவுக்கு பங்காருபாளையம் பக்கம் நாலு ஏக்கர் தோப்பு. அப்போ போன் பண்ணினார். "ஏன்டா, பேங்க்ல இருக்கியே, அந்த ஃபேக்டரிக்காரன் ஏன்டா வாங்க மாட்டேங்கறான்? பணம் இல்லாதவனா அவன்?"

"பணம் இருக்கு மாமா, ஆனா அது டிரம்முக்குள்ள இருக்கு"ன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை.

மாமாவுக்குச் சொன்ன கணக்கு இதுதான். பல்ப் ஆலை இரண்டரை மாசத்தில் வருஷத்துக்கான பழம் முழுக்க வாங்கியாக வேண்டும், விற்பது பன்னிரண்டு மாசம். நடுவில் ஓடுவது பேங்க் பணம். அடைத்த டிரம்தான் அடமானம், சரக்கு விற்று வரவர கணக்கு இறங்கும். டிரம் விற்கவில்லை என்றால் லிமிட் முழுக்க குடோனில் பூட்டிக் கிடக்கும், புது சீசனுக்குக் கையில் காசு வராது. பழசாகிற சரக்குக்கு நாங்கள் மதிப்பையும் குறைப்போம். ஆக துபாயில் ஒரு இறக்குமதிக்காரர் ஆர்டரைத் தள்ளிப் போட்டால் பங்காருபாளையத்தில் பழம் மரத்திலேயே அழுகும். ஆலைக்குப் பயமில்லாமல் அடுத்த சீசனில் வாங்கலாம். மரம் அப்படிக் காத்திருக்காது.

ஆலைகள் கூட்டு சேர்ந்து விலையை அமுக்குகின்றன என்று விவசாயிகள் சொல்வதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வாங்குகிறவர் சில டஜன், விற்கிறவர் ஆயிரக்கணக்கில் என்றால் விலையை யார் வைப்பார்கள் என்பதற்கு பி.காம். தேவையில்லை.

அதே வருஷம் செப்டம்பர் 22 முதல் பழச்சாறு பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமானது. அதனால் பாட்டில் கூடுதலாக விற்றால் கூழும் போகும். மாம்பழ ஒயின்? செய்ய முடியும், ஈஸ்ட்டுக்கு எந்தப் பழச் சர்க்கரையானாலும் சரிதான். ஆனால் இங்கே திராட்சை நாட்டிலேயே விளைவதில் மிகச் சிறிய பங்குதான் ஒயினாகிறது. பெரும்பகுதி சாப்பிடவும் உலர்திராட்சைக்கும் போகிறது. லட்சக்கணக்கான டன் பெங்களூராவை ஒயின் குடித்துத் தீர்க்க முடியாது. மராத்தி நண்பருக்கு அதைத்தான் சொன்னேன்.

மாமா தோப்பை வெட்டவில்லை. வரிசைக்கு இரண்டு மரம் என்று தலையை மட்டும் வெட்டி, துளிரில் இமாம் பசந்த் ஒட்டுக் கட்டியிருக்கிறார். காய்க்க மூன்று வருஷமாவது ஆகும். மற்ற மரங்கள் இன்னும் பெங்களூராதான்.