காருக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பு

நசரத்பேட்டையில் பெங்களூர் ஹைவேயும் அவுட்டர் ரிங் ரோடும் சந்திக்கிற இடத்தில் தினமும் நூற்றுக்கணக்கில் டிரெய்லர் பார்க்கலாம். எல்லாம் கண்டெய்னர், இல்லாட்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்து புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு வருகிற ராட்சத வண்டிகள். போன மாதம் அங்கே நான் பார்த்தது வேறு. ஒரு சாதாரண பழைய கார், பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு குட்டி டிரெய்லர், அதன் மேல் தார்ப்பாய் மூடின ஜெனரேட்டர். சர்வீஸ் ரோட்டில் ஒரு மண்டபத்துக்குள் ரிவர்ஸ் எடுக்க டிரைவர் பட்ட பாட்டை டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. நாலு முறை மடங்கி நின்றது. கடைசியில் ஆளே இறங்கி, கொக்கியைக் கழற்றி, கையால் தள்ளிக்கொண்டு போனார்.

நம்மூரில் கார் எதையும் இழுப்பதில்லையே, எப்போதாவது இழுத்திருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற இடம் இரண்டாம் உலகப்போர். என் தாத்தா அடிக்கடி சொன்ன ஒரு கதையும் அங்கேதான் இருந்தது.

தாத்தா பதினெட்டு வயசில் காஞ்சிபுரம் பக்கம் ஒரு பஸ்ஸில் கிளீனர். விடியற்காலை முதல் வேலை, பஸ்ஸின் முதுகில் நின்ற ஒரு இரும்பு டிரம்மில் அடுப்புக்கரி கொட்டி, நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதுவது. பத்து நிமிஷமாவது சுற்ற வேண்டும். "பஸ் ஓடறதுக்கு முன்னாடி நான் ஓடி முடிச்சிருப்பேன்" என்பார். சின்ன வயதில் நான் இதை நீராவி இன்ஜின் என்றே நினைத்திருந்தேன். பி.இ. படித்தும் ரொம்ப நாள் சரிபார்க்கவில்லை என்பது வெட்கம்தான்.

அது நீராவி இல்லை. கரியைப் போதுமான காற்று கொடுக்காமல் எரித்தால் முதலில் கார்பன் டை ஆக்சைடு வரும். அது இன்னும் தகதகவென்று இருக்கிற கரிப்படுகைக்குள் நுழையும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிரவைத்து, வடிகட்டி, சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்குள் உறிஞ்ச விட்டால் வண்டி ஓடும். 'புரொட்யூசர் காஸ்' என்று பெயர். வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன் என்பதால் இன்ஜினின் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தக் காலத்து மோரிஸ் எட்டு காரின் இன்ஜின் சுமார் 23 குதிரைத்திறன். அதில் பாதி என்றால், இன்றைய ஒரு ஸ்கூட்டரை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு முழுக் காரையும் அதன் அடுப்பையும் நகர்த்த வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள் என்று தாத்தா சொன்னது மிகை இல்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு? 1941இல் இந்தியாவில் பெட்ரோல் ரேஷன் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா எண்ணெய் அதோடு போயிற்று. இருக்கிற பெட்ரோல் ராணுவத்துக்கு. பஸ் நின்றால் சந்தைக்குக் காய் வராது, ஆஸ்பத்திரிக்கு ஆள் போக முடியாது. மதுரையில் பஸ் தொழிலில் வளர்ந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். காஸ் பிளான்ட்' என்று சொந்தமாகவே தயாரித்து விற்க ஆரம்பித்தது இந்த நெருக்கடியில்தான். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பதில் ஒன்றேகால் கிலோ கரி அளவுக்குச் செலவாகும். கரி உள்ளூர்ச் சரக்கு, கப்பலில் வரவேண்டியதில்லை.

இப்போது டிரெய்லர் விஷயம். பஸ்ஸுக்கு முதுகு பலமாக இருக்கும், டிரம்மைத் தாங்கும். சின்னக் கார் தாங்காது. பின் சக்கரத்துக்கும் பின்னால் நூறு கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் ஸ்பிரிங் படுத்துவிடும். தராசு மாதிரி முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் லேசாகிவிடும். அதனால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நிறையப் பேர் அடுப்பைத் தனிச் சக்கரத்தில் ஏற்றிப் பின்னால் கட்டி இழுத்தார்கள். லண்டனில் டபுள் டெக்கர் பஸ்களே அப்படி ஓடின. பெரிய பஸ் கம்பெனிகள் பத்தில் ஒரு வண்டியை இப்படி மாற்ற வேண்டும் என்று அங்கே 1942இல் அரசு உத்தரவே போட்டது.

இதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம் குழாய். டிரெய்லரிலிருந்து இன்ஜின் வரை நீளமான குழாய் போக வேண்டும். அந்த நீளத்திலேயே வாயு ஆறிவிடும். ஆறின வாயு அடர்த்தி அதிகம், எனவே சிலிண்டருக்குள் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் கூடுதல் எரிபொருள். இழுக்கிற சுமைக்குக் கிடைத்த சின்ன வட்டி. ஆனால் கொக்கி இருக்கிற இடத்தில் குழாய் வளைந்து கொடுக்க வேண்டுமே! அந்த இணைப்பில் விரிசல் விட்டால், இன்ஜின் உறிஞ்சுவதால் வெளிக்காற்று உள்ளே புகும். வாயு நீர்த்துப்போய் வண்டி நொண்டும். இன்ஜினை நிறுத்தினால் நிலைமை தலைகீழ். உறிஞ்ச ஆள் இல்லை, கரி உள்ளே கனன்றுகொண்டிருக்கும், வாயு வெளியே கசியும். வாசனையே இல்லாத விஷம். மூடின ஷெட்டில் வண்டியை விட்டுப் பக்கத்தில் படுத்தவர்களுக்கு ஆபத்து அங்கேதான். சுமார் 70,000 காஸ் வண்டிகள் ஓடின ஸ்வீடனில் இந்த விஷத்தைப் பற்றித் தனி மருத்துவ ஆய்வுகளே நடந்தன. ராத்திரி ஷெட்டுக்குள் தூங்க முதலாளி விடமாட்டார், மழையானாலும் திண்ணைதான் என்று தாத்தா குறைப்பட்டுக்கொள்வார். அந்த முதலாளி கஞ்சன் என்று ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தோம். பாவம், அவர் தாத்தாவின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

லண்டன் டிரெய்லர்களை 1944இலேயே கைவிட்டார்கள். இங்கே போர் முடிந்து பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்ததும் டிரம்கள் பழைய இரும்புக்குப் போயின. யாருக்கு வேண்டும், விடியற்காலை சாம்பல் வாருகிற வண்டி?

நம் சட்டத்தில் கார் இழுக்கிற டிரெய்லருக்கு இடம் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரைத் தனி வாகனமாகவே பார்க்கிறது. 61-வது பிரிவின்படி அதற்கும் பதிவு எண் வேண்டும். மண்டபத்து ஜெனரேட்டர் டிரெய்லரில் நான் அப்படி எதுவும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே டீக்கடையில் அந்த டிரைவரையே பிடித்து, "அண்ணே, ரிவர்ஸ் பழகிட்டீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "அதெதுக்கு சார், ஆட்டோக்காரர் ரெண்டு பேரைக் கூப்பிட்டாத் தள்ளிடுவாங்க."