ஹமுராபியின் பாட்டனுக்குப் பாட்டன்

பபிலோன் என்றதும் ஹமுராபியின் பெயரே நம் நாவில் வருகிறது. "அவனுக்கு முன்னர் அந்த நகருக்கு மதில் கட்டியது யார் சேர்?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டபோது, என்னிடம் உடனடியாக விடை இருக்கவில்லை. அதைத் தேடப்போய்த்தான் சுமுலாஏல் என்ற அரசனை அறிந்துகொண்டேன்.

அவன் அமோரியன். அமோரியர் யூப்ரடீஸ் நதிக்கு மேற்கேயுள்ள வறண்ட புல்வெளிகளில் மந்தை மேய்த்தவர்கள். வீடறியாதவர், தானியமறியாதவர், பச்சை இறைச்சி தின்பவர், இறந்தோரை அடக்கம் செய்யாதவர் என்றெல்லாம் சுமேரிய இலக்கியம் அவர்களை இழித்துரைத்தது. 'ஊர்' என்னும் பெயர்கொண்ட சுமேரிய நகரின் அரசன் ஷூசின், கி.மு. 2034 அளவில் அவர்களைத் தடுக்கவென்றே நெடுமதிலொன்றை எழுப்பினான். ஆயினும் சுமார் 30 ஆண்டுகளில் அந்த அரசு ஏலாமியர் கையில் வீழ்ந்தது. பின்னர் நகருக்கு நகர் அமோரியத் தலைவர்கள் ஆட்சியில் அமர்ந்தனர்.

அவர்களுள் ஒருவனான சுமுலாஏல், கி.மு. 1880 அளவிலிருந்து 36 ஆண்டுகள் பபிலோனை ஆண்டான். அரபு அறிந்த நமக்கு அவன் பெயர் முற்றிலும் அந்நியமானதல்ல. 'சுமு' என்பது 'இஸ்ம்' என்பதற்கும், 'ஏல்' என்பது 'இலாஹ்' என்பதற்கும் உறவான சொற்கள்.

அக்காலத்தில் ஆண்டுகளுக்கு இலக்கமில்லை. நிகழ்ச்சியின் பெயரே ஆண்டின் பெயர். அந்தப் பெயர்களை வரிசைப்படுத்தினால் அவனது ஆட்சி தெரிகிறது. 5ஆவது ஆண்டு பபிலோனின் பெருமதிலால் பெயர்பெற்றது. 13ஆவது ஆண்டு கிஷ் நகரின் அழிவால் பெயர்பெற்றது. அயல் நகரான கசல்லுவின் அரசன் யஹ்சிர்ஏலுடன் பல்லாண்டுகள் போர் நடந்தது. அவனும் அமோரியனே. இனத்தால் ஒன்றானவர்கள் அதிகாரத்துக்காக மோதிக்கொண்டதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இடையில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. சிப்பார் நகருக்கும் மதில் எழுந்தது.

போர்ச்செய்திகளைவிட என்னைக் கவர்ந்தவை சிப்பார் மக்களின் களிமண் உறுதிகள். வயலோ வீடோ விற்றவர்கள் கடவுளின் பெயராலும் அரசனின் பெயராலும் சத்தியம் செய்தார்கள். முதலில் இம்மேரும் போன்ற உள்ளூர் அரசர்களின் பெயர்கள் அவற்றில் வருகின்றன; பின்னர் சுமுலாஏலின் பெயர் வருகிறது. ஓர் ஆட்சி பரவிய கதையைச் சாதாரண மனிதரின் காணி உறுதிகளே சொல்லிவிடுகின்றன.

அரசர் பட்டியலில் அவனுக்கு முன் சுமுஅபும் என்றொருவன் இருக்கிறான். ஆனால் ஹமுராபி தன் சட்டக் கல்வெட்டின் முன்னுரையில் தன்னைச் சுமுலாஏலின் வழித்தோன்றல் என்றே கூறிக்கொள்கிறான். சபியும், அபில்சின், சின்முபல்லித், ஹமுராபி என மகன்வழியாக ஆட்சி வந்தது. ஹமுராபியின் மகன் சம்சுஇலுனாவும், தன் மூதாதை சுமுலாஏல் கட்டிய ஆறு கோட்டைகளைத் தான் புதுப்பித்ததாகப் பொறித்துவைத்தான்.

வீடறியாதவர் என்று எழுதப்பட்டவரின் பேரன்மார் அந்த மண்ணில் சட்டம் எழுதினார்கள். அவர்களை இழித்துரைத்த சுமேரியப் பாடல்களைப் பபிலோனியப் பள்ளிகளில் மாணவர்கள் பிரதிசெய்து படித்ததும் அந்த அமோரிய அரசர்களின் காலத்திலேதான். மதிலுக்கு உள்ளே இருந்தவன் எழுதியதை மட்டும் படித்திருந்தால் சுமுலாஏலை நாம் மந்தை மேய்ப்பவனாகவே விட்டிருப்போம்.

அடுத்த தவணையில் அந்த மாணவனை அழைத்து விடையைச் சொன்னேன். ஒரு மக்களைப் பற்றி எதைப் படித்தாலும், அதை எழுதியவன் மதிலின் எந்தப் பக்கம் நின்றான் என்று முதலில் கேள் என்றும் சொன்னேன்.