தெருவுக்கு அடியில் ஓடும் நெருப்பு

ஹாலிவுட் படங்களில் நியூயார்க் தெருவைக் கவனித்திருக்கிறீர்களா? மேன்ஹோல் மூடியிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பும். மஞ்சள் டாக்ஸி அதைக் கிழித்துக்கொண்டு வரும். பலரும் அதைப் புகை என்றுதான் நினைக்கிறார்கள். அது நீராவி! மண்ணுக்கடியில் ஓடும் நீராவிக் குழாய்களின் மேல் மழைத் தண்ணீர் பட்டால் இப்படி ஆவியாகி மேலே வரும். சில இடங்களில் குழாயே கசிவதும் உண்டு.

இந்தக் குழாய்களுக்கு 140 வயதுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனித்தனி அடுப்பு, தனித்தனி நிலக்கரி, தனித்தனி சாம்பல். கூடவே தீ விபத்து பயம். நியூயார்க் மாநிலத்தில் லாக்போர்ட் என்ற சின்ன ஊரில் இருந்த பேர்ட்சில் ஹாலி என்ற பொறியாளர், ஊருக்கே ஒரு கொதிகலன் போதுமே என்று யோசித்தார். தன் வீட்டு அடித்தளத்தில் கொதிகலன் வைத்து, தோட்டத்தில் குழாய் புதைத்துச் சோதித்துப் பார்த்தார். 1877-ல் லாக்போர்ட்டில் நீராவி விநியோகம் தொடங்கியது.

ஏன் நீராவி, வெந்நீர் போதாதா? 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ நீராவி அதே வெப்பநிலையில் தண்ணீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம், அந்தத் தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். தவிர, தன் அழுத்தத்தாலேயே அது குழாயில் ஓடிவிடும். தள்ள பம்பு வேண்டாம்.

வாலஸ் ஆண்ட்ரூஸ் என்ற தொழிலதிபர் இந்த யோசனையை நியூயார்க் நகரத்துக்குக் கொண்டு வந்தார். சார்லஸ் எமரி என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார். 1882 மார்ச் 3-ல் முதல் வாடிக்கையாளருக்கு நீராவி போனது. எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில்தான். அதாவது, எடிசனின் மின்சாரத்தை நீராவி ஆறு மாதம் முந்திக்கொண்டது! 1888 மார்ச்சில் வந்த பெரும் பனிப்புயலில் கம்பங்களும் கம்பிகளும் சாய்ந்தன. மண்ணுக்கடியில் நீராவி ஓடிக்கொண்டே இருந்தது. வீடுகளிலிருந்து நெருப்பை வெளியேற்றப் பாடுபட்ட ஆண்ட்ரூஸ், 1899-ல் தன் வீட்டில் பிடித்த தீயில் இறந்துபோனது விதியின் விளையாட்டு.

சூடு தரும் நீராவி குளிர்ச்சியும் தரும் என்றால் நம்புவீர்களா? காற்று நீக்கிய கலத்தில் தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதிக்கும். அப்போது பக்கத்துக் குழாயில் ஓடும் நீரின் வெப்பத்தை அது எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த அந்தக் குழாய் நீர் கட்டிடம் முழுக்கச் சுற்றும். கலத்தில் கிளம்பிய ஆவியை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். தெருவிலிருந்து வரும் நீராவியின் வேலை, அந்தக் கரைசலைச் சூடாக்கி, உறிஞ்சிய தண்ணீரைப் பிரித்து மறுபடி தயார் செய்வதுதான். இதனால் கோடையில் மின்சாரத் தேவை குறைகிறது.

இனி இதன் மறுபக்கம். குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் தேங்கினால், அதில் மாட்டிய நீராவி திடீரென்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பத் தண்ணீர் பாய்ந்து சம்மட்டி போல அடிக்கும். 1989 ஆகஸ்டில் கிராமர்சி பார்க் அருகே ஒரு குழாய் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். குழாயைச் சுற்றியிருந்த கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், அக்கம்பக்கமெல்லாம் பரவியது. அதை மறைத்த குற்றத்தை கான் எடிசன் நிறுவனம் 1994-ல் ஒப்புக்கொண்டது. 2007 ஜூலை 18-ல் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இன்னொரு குழாய் வெடித்தது. ஒருவர் மாரடைப்பால் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அது 1924-ல் புதைத்த குழாய். அன்று காலை பெய்த பெருமழை குழாயைக் குளிர வைத்தது. உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய கருவியை, முன்பு கசிவை அடைக்கப் போட்ட பசை அடைத்துக்கொண்டிருந்தது.

ஆயிரம் வீட்டு அடுப்புகளை ஓரிடத்தில் சேர்த்ததால் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. அது தெருவுக்கு அடியில் போய்விட்டது. வீட்டு அடுப்பை வீட்டுக்காரர் தினமும் பார்ப்பார். மண்ணுக்குள் 83 வருடம் கிடக்கும் குழாயை யார் பார்ப்பது? நீராவித் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அது அருமையான யோசனைதான். ஆனால் பொதுவில் ஒன்றைக் கட்டினால், கட்டிய செலவோடு கணக்கு முடிவதில்லை. அதைத் தோண்டிப் பார்த்துக் காப்பாற்றும் செலவும் அதன் விலைதான்.