பாதச் சுவடு, சிவனொளிபாதமலை

மத்திய மலைநாட்டில், நல்லதண்ணிக்கு மேலே 2,243 மீட்டர் உயர உச்சியில் வணங்கப்படும், சுமார் 1.8 மீட்டர் நீளமான பாறைப்பள்ளம். கண்ணுக்கு எட்டாத தெய்வம் மண்ணில் உடலோடு நின்றது என்ற நம்பிக்கைக்கு இலங்கையில் இதைவிட வலிமையான சான்று இல்லை. சைவருக்கு இது சிவன் திருவடி. பௌத்தருக்குப் புத்தரின் இடப்பாதம். இஸ்லாமியருக்கு ஆதம் நபி இறங்கிய இடம். மூவரும் முழு உருவத்தைத் தேடவில்லை, பாதமே போதும் என்றனர். தொடக்கக் காலப் பௌத்தக் கலையும் அப்படியே. அமராவதிச் சிற்பங்களில் புத்தர் பல இடங்களில் பாதச் சுவடாகவே இருக்கிறார்.

மலைக்காவலரான சமன் தெய்வத்துக்கு மட்டும் முழு உருவம் உண்டு. அச்சிலை யாத்திரைப் பருவத் தொடக்கத்தில் பெல்மடுல்லையிலிருந்து உச்சிக்கு வந்து, முடிவில் திரும்பிப் போகும். சுவடு நகராது, பார்க்க வேண்டியவர்தான் ஏறிவர வேண்டும்.

டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைப் பருவம். ஹட்டன், மஸ்கெலியா வழியாக வருவோர் நல்லதண்ணியில் இறங்கி, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து 5,000க்கும் மேற்பட்ட படிகள் ஏறுகின்றனர். இரத்தினபுரிப் பாதை இதைவிட நீளமானது. 1344இல் பயணி இபின் பதூதாவும் இம்மலை ஏறினார். உச்சி மணியை, தாம் ஏறிய தடவைகளின் எண்ணிக்கைக்கேற்ப அடிப்பது வழக்கம்.