கூன் எத்தனை டிகிரி? தமிழ்நாட்டில் முதுகெலும்பை அளந்த வரலாறும் இன்றைய மென்பொருள்களும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் பெண்ணுக்கும், வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோலைத் தூக்கிப் போடும் ஆளுக்கும் முதுகுவலி முற்றினால் கடைசியில் கையில் ஏறுவது ஸ்கேன் சென்டர் கவர்தான். ‘ஜவ்வு விலகியிருக்கு’ என்பது ஊரறிந்த தீர்ப்பு. எவ்வளவு விலகல், எத்தனை டிகிரி வளைவு, இனிமேல் கூடுமா என்பவை அதற்கடுத்த கேள்விகள். முதல் இரண்டுக்கும் நொடியில் விடை தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இன்று மருத்துவர் மேசைக்கு வந்துவிட்டன. மூன்றாவது கேள்விக்குத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் கணினி இல்லாமலே, எக்ஸ்ரே ஃபிலிமைக் கொண்டு விடை தேடினார்கள். புதிய மென்பொருள்களை மதிப்பிடும்போது அந்த உழைப்பை முன்னால் வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆம்பூர், வேலூர் பகுதிக்கு முதுகுத்தண்டு மருத்துவம் புதிதல்ல. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதே இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். அவர் முனைப்பில் 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. எம்.ஆர்.ஐ. இல்லாத அந்நாளில் தண்டுவடத்தை அழுத்துவது எது என்று பார்க்க, முதுகில் ஊசி குத்திச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது.

அளவைக்கு அடிப்படை போட்டவர் அமெரிக்கரான ஜான் காப். அவர் 1948இல் வகுத்த முறை எளிது. வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகம் சாய்ந்த முள்ளெலும்பு ஒவ்வொன்றைத் தேர்ந்து, அவற்றை ஒட்டிக் கோடிட்டு, இடைக் கோணத்தை அளக்க வேண்டும். ஒரே படத்தை அதே மருத்துவர் மறுநாள் அளந்தாலும் 3 முதல் 5 டிகிரி வரை மாறக்கூடும். இந்தத் தடுமாற்றத்தைக் குறைப்பதே தானியங்கி அளவையின் பெரிய வாக்குறுதி.

சென்னையில் எழுந்த சிக்கல் வேறு. முதுகெலும்பில் காசநோய் கண்டால் எலும்பு கரைந்து முதுகு கூன் விழும். மாத்திரையில் நோய் ஆறும், கூன் நிற்காமல் போகலாம். யாருக்கு அறுவை தேவை என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது? எலும்பு மருத்துவர்களான எஸ். ராஜசேகரனும் டி.கே. சண்முகசுந்தரமும் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சூத்திரம் தந்தது. ஒவ்வொரு முள்ளெலும்பின் உடலையும் பத்துப் பங்காகப் பாவித்து, கரைந்த பங்குகளைக் கூட்டி, மொத்தம் எத்தனை எலும்பு அளவு என்று கணக்கிட வேண்டும். அத்தொகையை 30.5ஆல் பெருக்கி 5.5ஐச் சேர்த்தால் கடைசியில் நிற்கப்போகும் கோணம் கிடைக்கும். இரண்டு எலும்புகளில் மொத்தம் ஒன்றரை எலும்பு அளவு போயிருந்தால் கூன் ஏறக்குறைய 51 டிகிரி. அறுவை செய்யாத நோயாளிகளில் இந்தக் கணிப்பு 90 சதவீதம் சரியாக இருந்தது. ஃபிலிம், பென்சில், பெருக்கல் கணக்கு ஆகியவை போதும். மாவட்ட மருத்துவமனை ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

குழந்தைகளிடம் சூத்திரம் மட்டும் போதவில்லை. நோய் ஆறிய பிறகும் வளரும் வயதில் சிலருக்குக் கூன் ஏறிக்கொண்டே போனது. 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ராஜசேகரன், 2001இல் நான்கு அபாயக் குறிகளை வகுத்தார். அவற்றில் ஒன்று, நோயிடத்துக்குக் கீழே உள்ள நல்ல முள்ளெலும்பின் முன்விளிம்பை ஒட்டி மேல்நோக்கி இழுக்கும் கோடு. மேலே உள்ள நல்ல எலும்பின் முன்முகத்தை நடுவுக்கு மேலாக அந்தக் கோடு வெட்டினால், மேற்பகுதி முன்னோக்கிக் கவிழ்கிறது என்று பொருள். இரண்டுக்கு மேற்பட்ட குறிகள் இருந்தால் கூன் வளரும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் அவர் குழு முதுகெலும்பு அறுவையில் கணினி வழிகாட்டலையும் சோதித்தது. 2007இல் வெளியான அந்த ஒப்பீட்டில், கணினி உதவியில்லாமல் முள்ளெலும்பில் பொருத்திய திருகாணிகளில் 23 சதவீதம் எலும்புச் சுவரைத் தாண்டின, உதவியுடன் பொருத்தியவற்றில் 2 சதவீதமே. ஆக, இவர்களைக் கணினிக்கு எதிரானவர்கள் என்று சொல்ல முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ஸ்பைன்நெட் போன்ற இன்றைய மென்பொருள்கள் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒவ்வொரு ஜவ்வையும் தாமே அடையாளம் கண்டு, தேய்மானம், எலும்பு நழுவல், தண்டுவடப் பாதைச் சுருக்கம் ஆகியவற்றுக்குத் தரம் இடுகின்றன. ஸ்பைன்நெட் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் படங்களில் கற்றது. முதுகுவலிக்காரர்களின் அப்படங்கள் ஐரோப்பிய ஆய்வொன்றில் திரட்டியவை. தேய்மானத்துக்கு அது நல்ல துணை. காசநோய்க் கூன் அதன் தரப்பட்டியலிலேயே இல்லை. ஆனால் ராஜசேகரன் வகுத்த அந்தக் கவிழ்ச்சிக் கோடு வெறும் வடிவியல்தான். அதை நிரலில் சேர்ப்பது பெரிய வேலையாகாது.

வேறொரு வசதியில் எனக்கு அச்சம் அதிகம். வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. படத்திலிருந்தே எலும்பு அடர்த்தியைக் கணக்கிட்டு, எலும்பு பலவீனமா என்று சொல்லும் முறை 2010களில் பரவியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ள திருப்பத்தூர் மாவட்டத்தை ஒட்டிய கிருஷ்ணகிரியிலும், அதற்கடுத்த தருமபுரியிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அம்மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றே, ஃபுளோரைடு மிகுதியால் வரும் ஃபுளோரோசிஸ் நோயின் தணிப்பு. ஃபுளோரைடு ஏறிய எலும்பு படத்தில் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். 1990இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் நான்கு ஆண்டுகள் சோடியம் ஃபுளோரைடு உட்கொண்ட பெண்களின் இடுப்பு முள்ளெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முள்ளெலும்பு முறிவு கணிசமாகக் குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு கூடியது. ஃபுளோரைடு மிகுந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் ஒருவரின் சி.டி.யைப் பார்த்து ‘எலும்பு வலுவாக உள்ளது’ என்று மென்பொருள் அச்சிட்டுத் தந்தால், அவர் எந்தத் தண்ணீர் குடித்தார் என்பதையும் மருத்துவர் கேட்டாக வேண்டும்.