நிலாச்சோறும் அரைப்புள்ளியும்

கூட்டாஞ்சோறு என்றால் இன்று ஒரு சமையல் குறிப்பு நினைவுக்கு வரும். திருநெல்வேலிப் பக்கத்தில் அரிசியும் பருப்பும் காய்களும் கீரையும் ஒரே பானையில் வேகும் சோறு அது. ஆனால் ஊர்ப்புறப் பெண்களுக்கு அந்தச் சொல் முதலில் ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். ஒருத்தி பருப்பு, ஒருத்தி புளி, ஒருத்தி இரண்டு கத்தரிக்காய். மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, பொங்கித் தின்பது. பிக்னிக் என்ற சொல்லின் கதையும் ஏறக்குறைய இதுதான். பிரெஞ்சு மொழியில் அது முதலில் அவரவர் பங்கைக் கொண்டுவந்து சேர்ந்து உண்ணும் விருந்தைக் குறித்தது. புல்வெளியும் மரநிழலும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. இரண்டு சொற்களிலும் இடத்தைவிடப் பங்குதான் முக்கியம்.

அந்தப் பங்கு பெண்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நம் இலக்கியத்தில் பெண் குழந்தைகள் வெளியில் சமைக்கிறார்கள். மணலில் வீடு கட்டுகிறார்கள்; அதற்குப் பெயர் சிற்றில். மணலையே சோறாக்கிப் படைக்கிறார்கள், அது சிறுசோறு. ஆனால் பிள்ளைத்தமிழ் இலக்கணத்தில் சிற்றில் பருவம் எங்கே இருக்கிறது? ஆண்பாற் பிள்ளைத்தமிழில். சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்ற கடைசி மூன்றில் முதலாவது அது. பெண்கள் கட்டிய வீட்டைக் காலால் சிதைக்க வரும் ஆண் குழந்தையிடம் ‘அழிக்காதே’ என்று அவர்கள் கெஞ்சுவதுதான் அதன் பொருள். கட்டியவர்களின் விளையாட்டு, அழிப்பவனின் புகழாகப் பதிவாகிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும் இந்தக் கெஞ்சல்தான். ஆனால் அங்கே பேசுவது பெண் குரல்.

கலித்தொகையின் 51ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். சிறுவயதில் மணல்வீட்டை மிதித்துப் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடிவந்ததும் ‘விக்கிக்கொண்டான்’ என்று சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். அழகான நாடகம்தான். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, “அந்த மணல்வீட்டைத் திரும்பக் கட்டினாங்களா மேடம்?” என்று கேட்டாள். பாட்டில் அதற்கு விடை இல்லை.

பெண்கள் கூடி உண்டு மகிழும் இடமும் இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. திருப்பாவையின் 27ஆம் பாட்டில் நோன்பு முடிகிறது. நகையும் புத்தாடையும் அணிந்து, முழங்கை வழியே நெய் வழிய, எல்லாரும் சேர்ந்து பாற்சோறு உண்கிறார்கள். ஆனால் அந்தச் சோற்றை எட்ட இருபத்தாறு நாள் நோன்பு வேண்டியிருந்தது. பெண்கள் கூடிச் சாப்பிட நோன்பு ஓர் அனுமதிச் சீட்டு.

நம் நாட்காட்டி முழுவதும் இந்தச் சீட்டுகள் இருக்கின்றன. ஆடிப் பதினெட்டில் காவிரிக் கரையில் சித்திரான்னம். சித்ரா பௌர்ணமியில் நிலாச்சோறு. எங்கள் செட்டிநாட்டுக் கரிசலிலும் செம்மண்ணிலும் வற்றாத ஆறு கிடையாது, ஊருணியும் கண்மாயும்தான். சித்திரையில் அவையும் அடிமண் காட்டும். அதனால் இங்கே நிலாச்சோற்றுக்கு மொட்டைமாடியும் முற்றமும் போதும். தென்மாவட்டங்களில் செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு உண்டு. ஆண்கள் உறங்கிய பிறகு ஒரு வீட்டில் பெண்கள் கூடி, உப்பில்லாத பச்சரிசிக் கொழுக்கட்டை செய்து, கதை சொல்லி, விடிவதற்குள் தின்று முடிப்பார்கள். ஆண் கண்ணில் அது படக்கூடாது. சிறு பையனுக்குக்கூட அனுமதி இல்லை. பக்தி அதில் பொய் என்று நான் சொல்லவில்லை. பக்தியின் நிழலில் ஓர் இரவு முழுக்கப் பேச இடம் கிடைத்தது என்கிறேன்.

செட்டிநாட்டில் வெளியில் சமைக்கும் பெரிய விழா நாட்டரசன்கோட்டையின் செவ்வாய்ப் பொங்கல். தைப் பொங்கலை அடுத்த முதல் செவ்வாயில், கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னே நகரத்தார் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் பானை வைக்கின்றன. முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் அன்று வந்து சேர்வார்கள். திறந்த வெளியில், ஒரே புகையில், ஒரே நேரத்தில் பொங்கும் சோறு பார்க்கப் பெரிய காட்சி.

அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். பானை ஆளுக்கு ஒன்றல்ல, புள்ளிக்கு ஒன்று. திருமணமான இணைதான் புள்ளி. மணமாகாத பெண் எத்தனை வயதானாலும் தனிப் புள்ளி அல்ல. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. விதவைக்கும் மனைவியை இழந்தவருக்கும் ஒரே கணக்கு என்று சொல்லலாம். ஆனால் ஆண் மறுமணம் செய்து முழுப்புள்ளி ஆவது எளிது. பெண்ணுக்கு அந்த வழி நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் மூன்றாண்டுத் தவணையில் கொண்டுவிற்கப் போன காலத்தில், நூறு சன்னல் வீடுகளை நடத்தியவர்கள் ஆச்சிகள். வரவு செலவு, நிலம், சீர், பண்டசாலை எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. அந்தத் திறமை புள்ளிக் கணக்கில் ஏறவில்லை.

வெளியில் உண்ணும் உணவின் அறிவும் இவர்களுடையதே. புளியோதரை கெடாது, புளியும் நல்லெண்ணெயும் காப்பாற்றும். தயிர்ச் சோற்றில் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் ஊற்றிப் பிசைந்தால், மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். தேங்காய் சேர்த்தது வெயிலில் ஊசிப்போகும். மாவுருண்டையும் முறுக்கும் கப்பலேறிக் கடல் தாண்டின. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வடகம் பிழிவதும் கூட்டு வேலைதான். விடியுமுன் ஏறி, வெயில் சுடுமுன் இறங்கி, பாதி மாவைப் பிள்ளைகள் தின்றுவிட, ஊர்க்கதை அத்தனையும் அங்கே பேசப்பட்டது. ஆனால் சுற்றுலா என்று குடும்பம் கிளம்பும் நாளில் நான்கு மணிக்கு எழுந்து இதையெல்லாம் கட்டுபவள் யார்? திரும்பி வந்து தூக்குவாளிகளைத் தேய்ப்பவள் யார்? வெளியில் போனது குடும்பம். அடுப்படி அவளோடு கூடவே போனது.

இன்னொரு கேள்வியும் உண்டு. கூட்டாஞ்சோற்றில் யார் வீட்டு அரிசி சேரும்? சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டது 1920களில் தமிழ்நாட்டையே உலுக்கியது. சமபந்தி அப்போது அரசியல் கோரிக்கை ஆனது. பெண்களின் நோன்புப் பந்திகளோ பெரும்பாலும் சாதிக்குள்ளேயே நடந்தன. ஆண் பார்க்கக்கூடாத கொழுக்கட்டையைப் பக்கத்துத் தெருப் பெண்ணும் பார்த்ததில்லை. நம் மரபைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1905இல் ரொக்கேயா சகாவத் உசேன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வெளியானது. அதில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், சமையலறை ஒரு காய்கறித் தோட்டத்துக்குள் இருக்கிறது, சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது, புகை இல்லை. அடுப்படியையே வெளியாக மாற்றிய கனவு அது. 2011இல் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையைப் பற்றி ‘வொய் லாய்ட்டர்?’ என்ற நூலை எழுதினார்கள். வெளியில் நிற்கும் பெண் ஒரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, காரணமில்லாமல் இருப்பதே அவள் கேட்க வேண்டிய உரிமை என்பது அவர்கள் வாதம். என் மாணவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோழிகளோடு கண்மாய்க்கரைக்குப் போகிறோம் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போகிறோம் என்றால் காசும் கொடுத்து அனுப்புவார்கள். நோன்பின் சீட்டு இன்னும் செல்லுபடியாகிறது.

சில ஆண்டுகளாக நாங்கள் சிலர் சித்ரா பௌர்ணமியன்று மொட்டைமாடியில் கூடுகிறோம். நோன்பு இல்லை, பூசை இல்லை. ஆளுக்கு ஒரு பண்டம். சமைக்க முடியாதவர் வெள்ளரிப்பிஞ்சோ நுங்கோ வாங்கி வரலாம். மண்பானையில் பானகம். யார் வீட்டு மாடியோ அவர் அன்று அடுப்பு மூட்டக்கூடாது. தட்டை அவரவர் கழுவ வேண்டும். எல்லாத் தெருவிலிருந்தும் வருகிறார்கள். கணவனை இழந்தவரும் பிரிந்தவரும் மணமே வேண்டாம் என்றவரும் வருகிறார்கள். எத்தனை பேர் என்று எண்ணித்தான் இலை போடுகிறோம். ஒருவருக்கு ஓர் இலை. அரை இலை யாருக்கும் போடுவதில்லை.