வாலையும் தைலமும்: சளிக்கால மருந்துகளின் கடல்வழி வரலாறு

பாரமகால் என்று பழைய ஆவணங்கள் குறிப்பிடும் மேட்டு நிலத்தில், தருமபுரிக்கு வடமேற்கே அமைந்த பேரூர் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாள்களைக் கழித்து, 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் மறைந்த ஊர் என்பதால் தமிழகம் அதன் பெயரை அறியும். கார்த்திகை தொடங்கித் தை முடியும் வரை அப்பகுதியின் விடியற்காலைகள் குளிர் மிகுந்தவை. அக்காலத்தில் சளிக்கும் இருமலுக்கும் தலைப்பாரத்திற்கும் அங்குள்ளோர் கடைகளில் எவற்றைக் கேட்டு வாங்குகின்றனர் என்று நோக்கினால், தமிழகத்தின் எந்த ஊரிலும் காணக்கூடிய அதே பொருள்களைத்தான் காண்போம். ஓமத் தண்ணீர், சூடம், நீலகிரித் தைலம், மெந்தால் கலந்த களிம்பு ஆகியனவே அவை. வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகளில் கோடாலித் தைலமும் இருக்கும். இவை அனைத்தையும் நாட்டு மருந்து என்றும் பாட்டி வைத்தியம் என்றும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கு ஆராயத்தக்கது. ஏனெனில் இப்பொருள்களுள் ஏறக்குறைய ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்தது. அல்லது கடல் கடந்து வளர்ந்த ஒரு கலையின் துணையால் ஆனது.

முதலில் சொல்லைக் காண்போம். எள்ளின் நெய்யே எண்ணெய். 'தைலம்' என்னும் வடசொல்லும் எள்ளைக் குறிக்கும் 'திலம்' என்பதிலிருந்து பிறந்ததே. சித்த, ஆயுர்வேத நூல்கள் கூறும் தைலம் என்பது மூலிகைகளை எண்ணெயிலிட்டுப் பதமாகக் காய்ச்சி வடிப்பது. ஆனால் நீலகிரித் தைலத்தில் எள்ளெண்ணெய் ஒரு துளியும் இல்லை. அது இலையின் மணத்தையே ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்த சாறு. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் நல்லெண்ணெய் கறையாக நிற்கும்; இதுவோ சிறிது நேரத்தில் பறந்துவிடும். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதால், இவற்றின் பின்னுள்ள இருவேறு தொழில்களின் வரலாறு நம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

இத்தொழிலின் கருவியைச் சித்த மருத்துவர்கள் வாலை என்பர். வாலையில் வடித்த நீர் தீநீர் எனப்படும். ஓமத் தீநீர் அவ்வகையைச் சேர்ந்தது. யூனானி மருத்துவர்கள் இதனை அர்க் என்பர். அரபு மொழியில் வாலைக்கு அல்-அன்பீக் என்று பெயர். கிரேக்கச் சொல் ஒன்று அரபு உருப்பெற்று, பின்னர் இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. கருவி சென்ற வழியையே சொல்லும் சுட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தியின் பெயரால் வழங்கும் நறுமண வேதியியல் நூலொன்று, நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளைத் தருகிறது. மணநீரும் மணநெய்யும் வடிக்கும் முறைகள் அவற்றுள் அடங்கும். மலர்களிலிருந்து மணநெய் வடிக்கும் கலையை இப்னு சீனாவே கண்டுபிடித்தார் என்று நம்மவர் எழுதுவது வழக்கம். இப்னு சீனா பிறந்தது 980இல். அல்-கிந்தி மறைந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னர். அப்பெருமகனாரின் புகழுக்கு அல்-கானூன் என்னும் மருத்துவப் பெருநூல் ஒன்றே போதும். மற்றவருக்குரிய சிறப்பையும் அவர் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

மூக்கடைப்பையும் நீர்க்கோவையையும் யூனானி நூல்கள் நஸ்லா, ஜுகாம் என வகுக்கின்றன. மருந்திட்ட வெந்நீரின் ஆவியை முகத்தில் ஏற்கும் முறைக்கு இன்கிபாப் என்று பெயர். நம் வைத்தியர்கள் வேது பிடித்தல் என்பதும் இதுவே. இருவேறு மரபுகள் ஒரே முறைக்குத் தத்தம் சொல்லை வைத்திருந்தமை, இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பதற்குச் சான்றாகிவிடாது. எனினும் அவை முற்றிலும் அயலாய் இருந்தன என்று கொள்வதும் பொருந்தாது. சித்தர் மரபில் இராமதேவர் என்பார் அரபு நாடு சென்று இஸ்லாத்தைத் தழுவி யாகோபு என்னும் பெயர் பூண்டார் என வழங்கும் கதை, இவ்வுறவைத் தமிழ் மருத்துவ மரபு எவ்வாறு நினைவில் வைத்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

கற்பூரத்தின் கதை இன்னும் விரிவானது. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் 'காஃபூர்' என்று குறிப்பதையும், மையித்தைக் குளிப்பாட்டும் இறுதி நீரில் கற்பூரம் சேர்க்கப்படுவதையும் வாசகர் அறிவர். அக்காலத்து உயர்ந்த கற்பூரம் சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் பகுதியின் காட்டு மரங்களிலிருந்து கிடைத்தது. அரபு வணிகர் அவ்விடத்தைப் பன்ஸூர் என்றனர். பன்ஸூரிக் கற்பூரம் பொன்னின் எடைக்கு எடை விற்றதாக மார்க்கோ போலோ எழுதியுள்ளார். அதே பாரூஸ் அருகே லோபு துவா என்னுமிடத்தில் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அதனைப் பொறித்தனர். அங்கு வரும் மரக்கல மக்கள் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என அது விதிக்கிறது. கற்பூரக் கரையில் தமிழ் வணிகரும் அரபு வணிகரும் ஒரே சரக்கைத் தேடிச் சென்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான தடயம் வேண்டுவதில்லை. இன்று கடையில் சூடம் என விற்கப்படுவது அந்தக் கற்பூரம் அன்று. அது பெரும்பாலும் பைன் மரத்துத் தர்ப்பெண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது. விளக்கில் எரிப்பதற்கென்றே வார்க்கப்படுவது. இவ்வேறுபாட்டிற்கு நாம் பின்னர் வருவோம்.

நீலகிரித் தைலத்தைப் பற்றியும் நம் பகுதியோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. 1790 அளவில் திப்பு சுல்தான் நந்தி மலையிலிருந்த தம் தோட்டத்தில் யூகலிப்டஸ் மரங்களை முதன்முதல் நட்டார் என்று வனவியல் நூல்கள் தொடர்ந்து எழுதி வருகின்றன. அந்நாளில் பாரமகால் திப்புவின் ஆட்சியில் இருந்தது. 1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினாலேயே அது கும்பினியார் கைக்கு மாறியது. திப்பு தாவரங்களில் ஆர்வம் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. 1788இல் பிரான்சு சென்ற அவருடைய தூதுக்குழு செடிகளையும் விதைகளையும் கேட்டுப் பெற முயன்றது. ஆயினும் காலக்கணக்கை நோக்குவோமாக. ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயரின் முதல் குடியேற்றம் 1788 ஜனவரியில் தொடங்கியது. யூகலிப்டஸ் என்னும் பெயரே அவ்வாண்டில்தான் சூட்டப்பெற்றது. நந்திக் கோட்டை 1791 அக்டோபரில் காரன்வாலிசின் படையிடம் வீழ்ந்தது. இக்குறுகிய இடைவெளியில் விதைகள் வந்து முளைத்திருத்தல் இயலாததன்று. ஆனால் எளிதில் நம்பத்தக்கதும் அன்று. நீலகிரித் தைலம் தரும் இனமோ 1792இல்தான் டாஸ்மேனியாவில் பிரெஞ்சுத் தாவரவியலார் லாபிலார்தியேரின் கைக்கு வந்தது. ஆகவே திப்பு எதை நட்டிருந்தாலும் இம்மரத்தை நட்டிருக்க முடியாது. திப்புவின் பெயரைச் சேர்ப்பது நமக்கு இனிக்கலாம். வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

அம்மரம் நீலகிரிக்கு வந்தது 1843இல். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் வெலிங்டன் பகுதியில் சில மரங்களை நட்டார். 1856 முதல் விறகுத் தேவைக்காகத் தோட்டமாகவே வளர்க்கத் தொடங்கினர். தைலம் அன்று எவர் எண்ணத்திலும் முதன்மையாக இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஜோசப் போசிஸ்டோ என்னும் மருந்தாளர் 1852இல் யூகலிப்டஸ் இலையை வாலையிலிட்டு வடித்து வணிகத்தைத் தொடங்கினார். அத்தொழிலே பின்னர் நீலகிரியில் குடிசைத் தொழிலாகப் பரவியது. உதிர்ந்த இலையும் வெட்டிய கிளையின் இலையும் அண்டாவில் நிரப்பப்பட்டு, கீழே தீ மூட்டப்பட, ஆவி குழாய் வழியே சென்று குளிர்ந்து நீராகவும் எண்ணெயாகவும் பிரியும். தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோல் தனித்து நின்றால் 176 பாகை வெப்பத்தில்தான் கொதிக்கும். நீராவியோடு சேர்ந்தாலோ 100 பாகைக்குக் கீழேயே கிளம்பிவிடும். பாக்தாதின் பன்னீர் வடிப்போர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த உண்மை இதுவே. நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தைலமே கிடைக்கும். இம்மரங்களுக்காக நீலகிரியின் புல்வெளிகளும் சோலைகளும் பெருமளவில் இடமிழந்தன என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

களிம்புகளின் வரலாற்றை விரைந்து கடப்போம். காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். இரங்கூனில் சீன மருத்துவர் ஒருவர் குடும்பத்தில் உருவான புலிமார்க் களிம்பு 1920களில் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. கோடாலித் தைலம் அதே சிங்கப்பூரில் 1928இல் லியுங் காய் ஃபூக் நிறுவனத்தில் பிறந்தது. அதனை நிறுவிய சீன வணிகர், சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் ஹஜ் பயணிகளிடம் தம் தைலத்தை அறிமுகப்படுத்தினார்; மலாய், ஜாவா முஸ்லிம்களின் பயணப் பைகளில் அது மக்கா சென்றது. சவூதி அரேபியா அதன் பெருஞ்சந்தைகளுள் ஒன்றாயிற்று. நாகூர், காயல்பட்டினம், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களின் சபுராளிகள் அதனைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தனர். பழைய அரபுக் கலை சீனர் கையால் புதுவடிவம் பெற்று மீண்டும் அரபு நாட்டை அடைந்தது என்பது சுவையான செய்திதான்.

இனி, இவை உண்மையில் என்ன செய்கின்றன? கார்டிஃப் நகர ஆய்வாளர் ரான் எக்லெஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில், மெந்தாலை முகர்ந்தோர் மூக்குத் திறந்துவிட்டதாகவே உணர்ந்தனர். கருவி கொண்டு அளந்தபோது மூச்சு செல்லும் வழியின் தடையில் மாற்றமில்லை. இதன் காரணம் 2002இல் தெளிவாயிற்று. குளிரை உணரும் நரம்பு முனைகளிலுள்ள ஏற்பி ஒன்றை மெந்தாலும் தூண்டுகிறது என்று அமெரிக்காவின் இரு ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. அவற்றுக்குத் தலைமையேற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியன் இருவரும் வெப்பம், தொடுதல் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே தைலம் தருவது ஆறுதல். நோய் நீக்கம் அன்று. அவ்வாறுதல் பொய்யானதும் அன்று. உறக்கம் வராது தவிப்பவனுக்கு ஓர் இரவின் உறக்கம் சிறு பேறன்று. ஆனால் 1918இல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்ற கொள்ளைச் சளிக்காய்ச்சலின் போதும் உலகெங்கும் யூகலிப்டஸ் தைலம் முகரப்பட்டது, நோய் நிற்கவில்லை. 2021இல் கற்பூரமும் ஓமமும் கிராம்பும் முடிந்த பொட்டலத்தை முகர்ந்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் என்னும் செய்தி கைப்பேசிகளில் பரவியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதை நம்பி மருத்துவமனை செல்லத் தாமதித்தோருக்கு ஆறுதலே ஆபத்தாயிற்று.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. யூனானி நூல்கள் மருந்துகளின் குணத்தை நான்கு படிகளாகப் பிரித்து, நான்காம் படியை நஞ்சுக்கு ஒதுக்கின. கற்பூரத்தை மூன்றாம் படியில் வைத்தன. அம்மதிப்பீட்டின் நுட்பம் வியக்கத்தக்கது. ஏறக்குறைய ஒரு கிராம் கற்பூரம் வயிற்றுக்குள் சென்றால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அதனினும் குறைந்த அளவும் வலிப்பை உண்டாக்கும். தோல் வழியாகவும் அது உடலில் சேரும். நீலகிரித் தைலத்தைச் சில மில்லி விழுங்கினாலே குழந்தை மயங்கிவிடக்கூடும். கைக்குழந்தையின் மூக்கருகே மெந்தால் தடவினால் மூச்சுக்குழல் இறுகி மூச்சு தடைப்படலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1983இல் களிம்புகளில் கற்பூரத்தின் அளவு 11 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று விதித்தது. அப்படியிருக்க, எரிப்பதற்கென வார்த்த சூடத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துப் பிறந்து சில மாதமே ஆன பிள்ளையின் நெஞ்சில் தடவும் வழக்கம் இன்னும் நம் இல்லங்களில் இருக்கிறது. அதில் கற்பூரம் எத்தனை பங்கு என்பதைத் தடவுபவரும் அறியார். இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கை களிம்புக் குப்பிகளில் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சூடக்கட்டியின் உறையில் அதைத் தேடுவதற்கும் இடமில்லை.